கேட் வரை ஓடும் வண்டி

டர்போ வைத்த வண்டியை நிறுத்தியதும் சட்டென்று சாவியைத் திருப்பி அணைக்கக் கூடாது, இன்ஸ்பெக்டர். இப்போது என் வாசலில் செய்தீர்களே, அதைத்தான் சொல்கிறேன். கணவாய் ஏறி இறங்கி வந்த வண்டி அது. கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டால் உள்ளே சூடு தணியும், எண்ணெய் கருகாது. சொன்னால் யார் கேட்கிறார்கள்? டர்போ போய்விட்டது என்று பிறகு என்னிடம்தான் வருவார்கள். சரி, உட்காருங்கள். அடுப்பில் பீன்ஸ் சூப் இருக்கிறது. கிளறிக்கொண்டே பேசுகிறேன்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். கார் என்ஜினை ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டரில் கம்பெனி எழுதி அனுப்பிய புரோகிராமை நான் மாற்றி எழுதுவேன். கம்பெனிக்காரன் பயந்தாங்கொள்ளி. என்ஜினுக்கு இருக்கும் தெம்பில் முக்கால்வாசியைத்தான் வெளியே விடுவான். மிச்சத்தை நான் திறந்துவிடுவேன். டர்போ இன்னும் கொஞ்சம் காற்றை அழுத்தும், டீசல் இன்னும் கொஞ்சம் பாயும், கிழட்டு வண்டி துள்ளிக்கொண்டு ஓடும். ஒன்றில் மட்டும் கை வைக்க மாட்டேன். உள்ளே சூடு எல்லை மீறினால் கம்ப்யூட்டர் தானாகப் பவரைக் குறைத்து என்ஜினைக் காப்பாற்றும். அந்தக் காவலைப் பிடுங்கிப் போடுகிறவன் மெக்கானிக் இல்லை, கசாப்புக்காரன். நம் பெர்கோவிட்சா ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், ஸ்தாமென் கை வைத்த வண்டி வழியில் நின்றது என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

ஒரே ஒரு வண்டியில் அந்தக் காவலை எடுத்தேன். அது என் மகள் ரலிட்சாவின் வண்டி.

அவள் நர்ஸ். அவளுக்கு ஆஸ்திரியாவில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. "ரெண்டே வருஷம்தான்பா, கொஞ்சம் சேர்த்துக்கிட்டு வந்துடறோம்" என்றாள். அவள் அம்மாவும் இதே முகத்தோடுதான் சொன்னாள். இத்தாலியில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை, ஒரே வருஷம் என்று பஸ் ஏறினாள். ரலிட்சா அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இன்றைக்கும் ஈஸ்டருக்குப் போன் வருகிறது. பக்கத்தில் ஓர் ஆம்பளை இருமுவது கேட்கிறது. இந்தத் தெருவில் பாதி வீட்டு ஜன்னல்கள் மூடியே கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் கொஞ்ச நாள் என்று சொல்லிப் போனவர்கள்தான்.

மருமகன் பிளாமென் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. வாய் நீளம், மனசு நல்லது. வண்டியை அவன்தான் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு வந்தான்.

"மாமா, பின்னால டிரெய்லர் மாட்டறோம். அலமாரி, வாஷிங் மெஷின், உங்க பொண்ணு போட்ட ஊறுகாய் அத்தனையும் ஏத்தணும். இந்தக் கழுதை பெத்ரோஹான் கணவாய் ஏறாது. உங்க மந்திரத்தைக் கொஞ்சம் போடுங்களேன்."

"மந்திரம் எதுக்குடா? நீ விடற காத்தைப் பிடிச்சு டர்போவுல விட்டாலே வண்டி வியன்னாவுல போய்த்தான் நிக்கும்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

நல்ல பவர் கொடுத்தேன். ஊருக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு, மாமனார் வண்டியை ராக்கெட் ஆக்கிவிட்டார் என்று காப்பிக் கடையில் எல்லோரிடமும் தம்பட்டம் அடித்தான். ஊருக்குள் ஓட்டினால் ஒன்றும் ஆகாது. பாரத்தை இழுத்துக்கொண்டு நீண்ட ஏற்றம் ஏறும்போதுதான் சூடு கூடிக்கொண்டே போகும். தடுக்கக் காவல் இல்லை. எச்சரிக்கை விளக்கும் எரியாதபடி செய்திருந்தேன். பிஸ்டன் உருகி, என்ஜின் செத்து நிற்கும். கடைசிக் கிராமம் தாண்டி, காட்டு வளைவுகளில் எங்காவது நிற்கும் என்று கணக்குப் போட்டேன். ஓரமாக ஒதுக்குவார்கள். என் மகள் போனை எடுத்து அப்பா என்று கூப்பிடுவாள். நான் இழுவை வண்டியோடு போய் இருவரையும் வீட்டுக்குக் கூட்டி வருவேன். வேறு வண்டி வாங்க வழியில்லை, வேலையில் சேரவேண்டிய நாளும் தாண்டிப் போகும். ஒரு கீறல்கூட யாருக்கும் விழாது. பெற்றவன் இதைக்கூடச் செய்யக் கூடாதா?

புறப்படும் நாள் மத்தியானம் சாப்பாடு போட்டேன். பயணம் போகிறவனுக்கு வீட்டில் காய்ச்சிய பழச் சாராயம், நம் ரக்கியா, ஊற்றாமல் எப்படி அனுப்புவது? நான் ஊற்ற ஊற்ற பிளாமென் குடித்தான். அது மட்டும் என் கணக்கில் இல்லை. வண்டியருகில் போனதும் ரலிட்சா அவன் கையிலிருந்து சாவியைப் பிடுங்கினாள்.

"வாயைத் திறந்தா சாராயக்கடை வாசனை. தள்ளு, நான் ஓட்டறேன்."

"ஐயோ மாமா, இவ ஓட்டினா நான் கண்ணை மூடிக்கணும்" என்றான் அவன்.

பிளாமென் லாரி ஓட்டிப் பழகியவன். டிரெய்லரோடு ஏற்றத்தில் யாரையும் முந்த மாட்டான். ரலிட்சா அப்படியில்லை. முன்னால் மெதுவாகப் போகிற வண்டியைக் கண்டால் அவளுக்குப் பொறுக்காது. ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான், எனக்குத் தெரியாதா? அந்த நேரத்தில் நிறுத்தியிருக்கலாம்தான். நிறுத்தினால் ஏன் என்று கேட்பாள். கேட்டால் சொல்லியாக வேண்டும். சொன்னால் பிறகு என் முகத்தில் விழிக்கவே மாட்டாள். என் கையில் செம்பு வாளி இருந்தது. போகிறவர்களுக்கு நாங்கள் செய்வதுபோல அதில் ஒரு பூங்கொத்தை நனைத்து, சக்கரத்துக்கு முன்னால் தண்ணீரைக் கொட்டினேன். "தண்ணி மாதிரி தடங்கல் இல்லாமப் போயிட்டு வாங்க" என்றேன். என் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுத்தான் ஏறினாள்.

இழுவை வண்டியைக் கிளப்பித் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தேன். போன் வந்தது. அவள் குரல் இல்லை, காட்டு இலாகாக்காரன் ஒருவன். வைக்கோல் ஏற்றிய டிராக்டரை முந்த அவள் எதிர்ப்பக்கம் ஏறியிருக்கிறாள். அங்கே என்ஜின் செத்துவிட்டது. மேலேயிருந்து மரம் ஏற்றிய லாரி இறங்கி வந்திருக்கிறது. பிளாமென் அந்த இடத்திலேயே போய்விட்டான். ரலிட்சாவுக்கு முதுகெலும்பு போனது.

விபத்தை ஆராய வந்த உள்ளூர் போலீஸ்காரன் கோஸ்தா பழகிய பையன். அந்தக் கம்ப்யூட்டரைக் கழற்றி என்னிடமே கொண்டுவந்தான். "ஸ்தாமென் அண்ணே, இதைத் திறந்து படிக்க இந்தப் பக்கத்துல உங்களை விட்டா ஆளே இல்லை. மனசு கேக்கலைன்னா வேணாம்" என்றான். கொடுப்பா என்று வாங்கி, கம்பெனி புரோகிராமைத் திரும்ப ஏற்றிக் கொடுத்தேன். அங்கேதான் சறுக்கினேன். வருஷாந்தரச் சோதனைக்கு முன்னால் ஊரிலுள்ள எல்லா வண்டிக்கும் கம்பெனி புரோகிராமை ஏற்றுவோம். சோதனை முடிந்ததும் மறுபடி நம்முடையதைப் போடுவோம். பழக்க தோஷத்தில் கை அதையே செய்துவிட்டது. காவலோடு இருக்கும் என் வழக்கமான புரோகிராமை அல்லவா போட்டிருக்க வேண்டும்? காப்பிக் கடை முழுக்க ராக்கெட் என்று பேர் வாங்கிய வண்டிக்குள் கம்பெனி புரோகிராம் எப்படி வந்தது என்று யோசித்தீர்களே, நல்ல மூளை உங்களுக்கு. நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ரலிட்சாவிடம் மட்டும் சொல்லாதீர்கள். "நான் அவசரப்பட்டுட்டேனாப்பா? என்னாலதான் அவன் போயிட்டானா?" என்று தினமும் சாயங்காலம் அழுகிறாள். தலையைத் தடவிக்கொடுத்து, "ஓட்டறப்போ இதெல்லாம் நடக்கறதுதான் கண்ணு. உனக்கு எப்பவுமே கொஞ்சம் அவசரம்" என்று தேற்றுகிறேன். பிறகு தூங்கிவிடுகிறாள். உண்மையை அவளால் தாங்க முடியாது.

வெளிநாட்டுத் தர்ம ஸ்தாபனம் ஒன்று அவளுக்கு மின்சாரச் சக்கர நாற்காலி கொடுத்தது. நல்ல வண்டி. வந்த மறுநாளே அதை ஓட்டிக்கொண்டு பஸ் நிலையம் வரை போய்விட்டாள். டிக்கெட் கொடுக்கிறவளிடம் வியன்னா பஸ் எப்போது என்று விசாரித்தாளாம். அந்த நாற்காலிக்குள்ளும் ஒரு சின்ன கம்ப்யூட்டர் இருக்கிறது, இன்ஸ்பெக்டர். கொஞ்ச தூரம் ஓடியதும் தானாகத் தளர்ந்து நிற்கும்படி எழுதிவிட்டேன். சரியாக நம் கேட் வரை வரும். பேட்டரி மோசம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், பாவம்.

கேட் பக்கம் குரல் கேட்கிறதா? அப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். இருங்கள், போய்த் தள்ளிக்கொண்டு வந்துவிடுகிறேன். என்னையும் நீங்கள் கூட்டிக்கொண்டு போய்விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.