செர்வாவின் நாற்பது நிமிஷம்

— கதை விடாத, செர்வா. நாலு நாளா தினமும் நாற்பது நிமிஷம். கம்பெனி இணையத்துல, கம்பெனி நேரத்துல. மணியும் நிமிஷமும் இந்தத் தாள்ல அச்சாகி வந்திருக்கு.

— வந்திருக்கட்டும் ஓடுரோ சார். நான் இல்லன்னு சொன்னேனா?

— ஓகோ, அவ்வளவு தைரியமா! சொந்த வேலைக்குப் பதினைஞ்சு நிமிஷம், அதுவும் மதியச் சாப்பாட்டு நேரத்துல மட்டும். ஏழாவது விதி. யார் எழுதினது?

— நீங்கதான் சார். கக்கூஸ் கதவுலகூட ஒட்டி வச்சிருக்கீங்களே.

— கிண்டலா? ஏற்கெனவே ரெண்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருக்க. இது மூணாவது. மூணாவதுன்னா என்னன்னு தெரியுமில்ல?

— வீட்டுக்குப் போகச் சொல்லுவீங்க. தெரியும் சார். ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு இந்தத் தேமா பட்டணத்துல நான் எங்க போய் நிப்பேன்?

— அப்ப உண்மையைச் சொல்லு. வாட்ஸ்அப், ஒரு அச்சகத்தோட பக்கம், மறுபடி வாட்ஸ்அப். துறைமுகத்துல சரக்கு இறக்குற கம்பெனில வேலை பாக்கறவளுக்கு அச்சகத்துல என்ன சோலி? நம்ம கம்பெனி ரசீதை வெளிய அடிச்சு விக்கிறியா?

— ஐயையோ, வாயைக் கழுவுங்க சார்! சாவு நோட்டீஸ். ஊர்ல ஒரு சாவு. நோட்டீஸ் அடிக்கிற பொறுப்பை என் தலையில கட்டிட்டாங்க. ஃபோனை எல்லாம் வாசல் பெட்டியில வச்சுப் பூட்டிடறீங்க. இந்தக் கம்ப்யூட்டரை விட்டா எனக்கு வேற என்ன வழி?

— எந்த ஊர்ல? மம்போங்லயா? நானும் மம்போங்காரன்தான். எனக்குத் தெரியாம அங்க எவன் செத்தான்?

— பேரு மட்டும் கேக்காதீங்க சார்.

— ஏன் கேக்கக் கூடாது?

— சொல்ல வேண்டியவங்களுக்கே இன்னும் சொல்லல. குடும்பத் தலைவர் நேர்ல வந்து உட்கார்ந்து, தண்ணி குடிச்சு, அப்புறம்தான் வாயைத் திறக்கணும். அதுக்கு முன்னாடி நான் சொன்னா நாக்கு அழுகிடும். நம்ம வழக்கம் உங்களுக்குத் தெரியாததா?

— பாரு, பாரு! மாட்டிக்கிட்டதும் வழக்கம் வந்துடுச்சு. ஸ்டோர்ல இருந்தானே பிராகு, அவனும் இப்படித்தான். ஒரே சித்தப்பாவை ஒரு வருஷத்துல மூணு தடவ சாகடிச்சான். நான் ஏமாந்த காலமெல்லாம் போயிடுச்சு. திரையை இப்படித் திருப்பு.

— வேணாம் சார்.

— திருப்புன்னா திருப்பு.

— அந்தக் கடிதத்தைக் குடுங்க. பேனா எங்க? கையெழுத்துப் போட்டுடறேன். இப்பவே பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடறேன். திரையை மட்டும் தொடாதீங்க.

— அட! இவ்வளவு நேரம் பிள்ளைங்க பிள்ளைங்கன்னு அழுதவ, இப்ப வேலையே வேணாம்ங்கறியா? அப்படின்னா உள்ள இருக்கிறது சின்ன விஷயம் இல்ல. நகரு.

— நாலு மணி வரைக்கும் பொறுங்க சார். கெஞ்சிக் கேக்கறேன். அப்புறம் என்னைப் போலீஸ்லகூடப் பிடிச்சுக் குடுங்க.

— நாலு மணிக்குள்ள எல்லாத்தையும் அழிச்சுடலாம்னு பாக்கறியா? கையை எடு செர்வா. எடுங்கறேன்ல!

— கடவுளே...

— ம். நோட்டீஸ்தான். கறுப்புக் கரை, சிவப்பு எழுத்து. 'விடை கொடுக்கிறோம்'. சரி, அது நிஜந்தான் போல. ஆனா யாருக்கு? படம் இறங்கவே மாட்டேங்குதே, சனியன் பிடிச்ச இணையம். இந்தா, வருது. பின்னாடி பச்சைக் கதவு. மஞ்சள் தலைத்துணி...

— சார், உட்காருங்க.

— இந்தக் கதவு... செர்வா, இந்தப் படம் உனக்கு எப்படிக் கிடைச்சுது? இது ஈஸ்டருக்குப் போனப்போ நான் எடுத்தது.

— உட்காருங்க சார். நாற்காலி பின்னாடியே இருக்கு.

— எங்க அம்மா.

— குடும்பத் தலைவரான உங்க தாய்மாமனும் இன்னும் ரெண்டு பெரியவங்களும் விடியற்காலையிலேயே வண்டி ஏறிட்டாங்க. நாலு மணிக்கு இங்க வந்துடுவாங்க. அவங்க சொல்லும்போது, இப்பத்தான் கேக்கற மாதிரி கேளுங்க சார்.