காற்றில் நீட்டிய கை

இரவு மணி இரண்டேகால். வண்டி போக்குவரத்து ஓய்ந்த நெடுஞ்சாலை... ஒரு பெட்ரோல் பங்க். அதன் பின்னால் பொதுக் கழிப்பறை. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பனுடைய அத்தானுக்கு நடந்தது.

அவர் சுகாதார ஆய்வாளர். கை உலர்த்தும் இயந்திரத்தின் காற்றில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. கிருமி வளர்க்கும் கூழ் ஊற்றிய தட்டைத் திறந்து அந்தக் காற்றில் முப்பது வினாடி பிடிப்பார். மூடுவார். இரண்டு நாளில் ஆய்வகத்தில் கிருமி புள்ளி புள்ளியாக முளைக்கும்.

உபதேசம் ஊருக்குத்தான். அவர் ஈரக் கையைப் பேண்ட்டில் துடைப்பார். மனைவி வயிற்றுத் தையலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அப்படித்தான் துடைத்துக்கொண்டு போய் அவள் கையைப் பிடித்தார். நான்காம் நாள் போய்விட்டாள். கிருமித் தொற்று என்று எழுதிக் கொடுத்தார்கள்.

ஐந்து மாதம். அவர் அழவில்லை. ஒரே கேள்வி... என் கையா?

அன்று இரவு அந்தப் பங்க் கழிப்பறையில் கழுவிய கையைப் பேண்ட்டுக்குக் கொண்டுபோனார். மூலையில் இருந்த இயந்திரம் ஓடியது. கர்ர்ர்... நின்றது. அதன் அடியில் யாரும் இல்லை. மறுபடி கர்ர்ர்... மருந்துப் பஞ்சு வாசனை.

போய்க் கையை நீட்டினார். சூட்டுக்குள் ஏதோ சில்லென்று வந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது... நிதானமாக. அவர் கையை இழுக்கவில்லை.

தன் கையைச் சோதிக்க அதுவரை துணிந்ததில்லை. அன்று பெரிய தட்டு ஒன்றைத் திறந்து வலது கையை அழுத்தினார்.

இரண்டு நாள் கழித்து ஆய்வகத்துப் பெண் கூப்பிட்டாள்.

"என்ன சார், யாரோட கை கோத்துக்கிட்டுத் தட்டுல வெச்சீங்க?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். போய்ப் பார்த்தார். அவர் கை பதிந்த இடத்தில் ஒன்றும் முளைக்கவில்லை. அந்த விரல்களுக்கு இடையிடையே சின்ன விரல்கள்... மஞ்சளாய்த் தடித்து முளைத்திருந்தன.

"என்ன கிருமிம்மா?"

பெயரைச் சொன்னாள். மனைவியின் சாவுக் காகிதத்தில் இருந்த பெயர்.

"உங்க கை சுத்தம் சார். அந்தம்மா யாரோ, அவங்க கைதான் மோசம். எதுக்கும் சோப்புப் போட்டு நல்லா கழுவிடுங்க."

"சரிம்மா" என்றார்.

வேலைக்குப் போகிறார். இடது கையால் சாப்பிடுகிறார். என் நண்பன் போன வாரம் அவர் வீட்டில் தங்கிவிட்டு வந்தான். வலது கையில் பிளாஸ்டிக் பையை மாட்டி, மணிக்கட்டில் நூலால் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் குளிக்கிறாராம்.