ஓட்டை விழாத கீரை

கலைமதி: தட்ட இன்னாத்துக்கு அந்தாண்ட தள்ற மாமா? பொன்னாங்கண்ணி கடைசல். சூடா கீது, துன்னு.

புருஷோத்தமன்: நேத்து கீரை. முந்தாநேத்து கீரை. இன்னிக்கும் கீரை. ஏண்டி, என்னை மாடுன்னு நெனச்சிகினியா?

கலைமதி: மாட்டுக்கு இருக்கற புத்தி கூட உனுக்கு இல்ல. நைட் ஷிப்ட் முடிச்சி வந்து பரோட்டா துன்னா ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்?

புருஷோத்தமன்: பரோட்டாவ நிறுத்தி எத்தினி நாளாவுது தாயே. டீயில முக்கற பிஸ்கட்டையும் புடுங்கிட்ட...

கலைமதி: அத்த புடுங்கினதாலதான் கவிப்பிரியாவுக்கு தெனம் ஒரு முட்டை வருது. ஸ்கூலுக்கு வந்த நர்சம்மா இன்னா சொல்லிச்சி? புள்ளைக்கு ரத்தம் கம்மி, கீரையா குடுன்னு சொல்லல?

புருஷோத்தமன்: செரி செரி, துன்றேன். அவ ஸ்கூலுக்குக் கெளம்பிட்டாளா?

கலைமதி: இன்னிக்கும் லீவுதான். ராவெல்லாம் வயித்து வலி. இப்பதான் கண்ணு மூடிச்சி.

புருஷோத்தமன்: மறுபடியுமா? பூச்சி மாத்திரை குடுத்தியே?

கலைமதி: குடுத்தேன், கேக்கல. கையெல்லாம் வேற தடிப்பு தடிப்பா... வேர்க்குருவா இருக்கும். நல்லா துன்னாதான் தேறும். நேத்து ராவும் வாணாம் வாணாம்னா, வுடல, ஊட்டிட்டேன்.

புருஷோத்தமன்: இம்மாம் கீரை ஏதுடி? கீரைக்கார சொர்ணம்மா குடுத்துச்சா?

கலைமதி: பின்ன யாரு? அந்தக்கா அள்ளிக் குடுக்கும்.

புருஷோத்தமன்: சொர்ணம்மாவா?

கலைமதி: இன்னா மொறைக்கிற?

புருஷோத்தமன்: சொர்ணம்மா கால ஒடிச்சிகினு படப்பைல அது மவன் வூட்ல கெடக்குது. நேத்து ஷேர் ஆட்டோல அவன் சொன்னான். கீரை விக்கறத வுட்டு ரெண்டு மாசமாச்சாம்.

கலைமதி: ஓ... அதுவா...

புருஷோத்தமன்: கலை. கீரை எங்க வாங்கின?

கலைமதி: திட்டக் கூடாது.

புருஷோத்தமன்: சொல்லு.

கலைமதி: வாங்கல. பறிச்சிகினு வந்தேன். சொல்ல வெக்கமா இருந்துச்சி மாமா. கம்பெனிக்காரன் பொண்டாட்டி கீரை பறிச்சித் திரியறான்னு பக்கத்து வூட்ல...

புருஷோத்தமன்: அது கெடக்கட்டும். எங்க பறிச்ச?

கலைமதி: உங்க கம்பெனி காம்பவுண்டுக்குப் பின்னாடி, ஏரிக்குப் போற வாய்க்கா. இன்னா செழிப்புன்ற! ஒரு எலையில ஓட்டை இல்ல. புழு இல்ல, நத்தை இல்ல. மருந்தே அடிக்காத கீரை மாமா, காசு குடுத்தாலும் கெடைக்காது...

புருஷோத்தமன்: வாய மூடு.

கலைமதி: இன்னா மாமா... துன்னத ஏன் துப்பற?

புருஷோத்தமன்: புழு ஏன் இல்லன்னு யோசிச்சியாடி? அந்தத் தண்ணில புழு கூட பொழைக்காது. முலாம் போடற தொட்டிய கழுவற தண்ணிடி அது. ஆசிட்டு... இன்னும் இன்னான்னவோ...

கலைமதி: சும்மா பயமுறுத்தாத. தண்ணிய சுத்தம் பண்ற மெஷின் இருக்குதுன்னு நீதான சொன்ன?

புருஷோத்தமன்: கீது. ஓட்டினா செலவு. செக்கிங் வர்ற அன்னிக்குதான் ஓட்டுவானுங்க. மத்த நாள்ல, நைட் ஷிப்ட்ல வால்வ தொறந்து நேரா வாய்க்கால்ல வுட்டுடறது.

கலைமதி: பேக்கிங்ல குந்திகினு கீற உனுக்கு இதெல்லாம் எப்டி தெரியும்?

புருஷோத்தமன்: தெரியும்... பேசிக்கினாங்க.

கலைமதி: ஐயோ... ரெண்டு மாசமா மாமா... என் கையால... அழுவ அழுவ, தொடையில கிள்ளி கிள்ளி ஊட்டினேனே...

புருஷோத்தமன்: எழுந்திரு. அந்தச் சட்டியோட கொட்டு. புள்ளைய தூக்கு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்.

கலைமதி: தண்ணி தெளிவாதான் இருந்துச்சி மாமா... நான் இன்னாத்த கண்டேன்...

புருஷோத்தமன்: அழாதடி. உனுக்கு எப்டி தெரியும்.

கலைமதி: எனுக்கு தெரியாது. வால்வ தொறக்கறவனுக்கு தெரியும் இல்ல? தெரிஞ்சிதான தொறக்கறான்? யாரு மாமா அந்தப் பாவி?

புருஷோத்தமன்: சூப்பர்வைசர் கைல கெடைக்கற ஆள புடிச்சி தொறன்னு சொல்றான், பேக்கிங் ஆளா இருந்தாலும். மாட்டேன்னா மறுநாள் கேட்டுக்குள்ள வுட மாட்டான். காண்ட்ராக்ட்டு ஆளு இன்னா பண்ணுவான்...

கலைமதி: சொன்னா தொறந்துடுவானா? அவனும் சோறுதான துன்றான்? அவன் கை அழுவிப் போவ! அவன் வூட்ல புள்ள குட்டி இல்லையா?

புருஷோத்தமன்: கீது கலை... ஒரே பொண்ணு. வயித்து வலின்னு உள்ள படுத்துனு கீது.