அர்கிரோவின் சமையலறைத் தரை

காப்பி ஆறுகிறது, குடியுங்கள் ஐயா. பழைய கல்லைத் தேடித்தானே தொல்லியல் துறையிலிருந்து நக்சோஸ் தீவு வரை கப்பலேறி வந்தீர்கள்? இருக்கிறது. என் மகள் அர்கிரோவின் சமையலறைத் தரைக்கடியில். நாளை எப்படியும் உடைப்பீர்கள். முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை. பெயர் யாகோவோஸ், கொத்தனார், வயது அறுபத்தொன்று.

எங்கள் ஊரில் அஸ்திவாரம் தோண்டினால் பழைய பளிங்கு அகப்படும். அரசாங்கத்துக்குச் சொன்னால் வேலையை நிறுத்திக் கயிறு கட்டிவிட்டுப் போவார்கள். ஐந்து வருஷமானாலும் திரும்ப மாட்டார்கள். அதனால் யாரும் சொல்வதில்லை. கான்கிரீட் ஊற்றி மூடிவிடுவோம். பார்த்தவனும் வாயைத் திறக்க மாட்டான். நாளை அவன் மனையிலும் கிடைக்குமே.

பெண்ணுக்கு வீடு கொடுப்பது எங்கள் வழக்கம். வீடு முடியாவிட்டால் அர்கிரோவுக்குக் கல்யாணம் இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான் என் தம்பி ஸ்டமாடிஸின் கடப்பாரை அதில் தட்டியது. ஒரு பெண்ணின் புடைப்புச் சிற்பம், முழங்காலுக்குக் கீழே இல்லை. யாருடைய கையையோ பிடித்திருந்தாள். அந்தக் கை மணிக்கட்டோடு உடைந்திருந்தது.

தம்பி அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டான்.

"யார் கைண்ணே இது? மீதி ஆளு இங்கதான் எங்கயோ கெடப்பான். நாளைக்கே ஆபீஸ்ல சொல்லிடறேன்."

"அர்கிரோ கல்யாணம்டா."

"அட போண்ணே! இவ எத்தனை காலமாக் காத்திருக்கா பாரு."

சிறு வயதிலிருந்தே பிடிவாதக்காரன். அவன் தலையில் மண்வெட்டியால் ஒரே அடி போட்டேன். கோபத்தில் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கலவை இயந்திரத்தை ஓட்டினேன். மதியத் தூக்க நேரம். பக்கத்து வீட்டுக் கலியோப்பி சன்னலைத் திறந்தாள். பாம்புக் காது அவளுக்கு.

"என்ன யாகோவோஸ், ஊரே தூங்கறப்ப இவ்வளவு அவசரம்? கல்லு ஏதாச்சும் மாட்டிக்கிச்சா?"

"நீ எதையும் பாக்கல, கலியோப்பி."

"நான் எங்க பாத்தேன்? எனக்குக் கண்ணே தெரியாதே" என்று சிரித்துக்கொண்டே சன்னலைச் சாத்தினாள். தம்பி எங்கே என்று கேட்டவர்களிடம் கப்பல் வேலைக்குப் போய்விட்டான் என்றேன். தெருவே என்னைச் சந்தேகப்பட்டது, கல்லுக்காக மட்டும்.

ஊற்றும்போது அவன் விரல்கள் அசைந்தன. கலவை காத்திருக்காது, ஐயா. எந்தக் கொத்தனாரையும் கேளுங்கள்.

கல்லை நான் நகர்த்தவில்லை. தம்பியை அந்த உடைந்த கையின் பக்கமாகவே கிடத்தியிருந்தேன். அவன் ஆசைப்பட்ட இடம். ஓர் அண்ணன் இதைவிட என்ன செய்வான்?

உடைக்கும்போது அர்கிரோ வீட்டில் வேண்டாம். சித்தப்பாவின் கடிதத்துக்காக மூன்று வருஷமாகத் தபால்காரனைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கல்லுக்காகத்தான் தோண்டினோம் என்று சொல்லிவிடுங்கள். நம்புவாள். எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கொருவர் பொய் சொல்லிப் பழக்கமில்லை.