விடைபெறுகிறாரோ இல்லையோ, எங்கள் கடைசி வரி சாருக்கு

அன்பையும் அறிவையும் அலமாரி அலமாரியாய் அடுக்கி வைத்த ஐயா அவர்களே; நூலக உதவியாளராய் நுழைந்து, நூலகராய் நிமிர்ந்து, ஒருநாள் கதவில் 'தகவல் வள மேலாளர்' என்று பெயர்ப்பலகை மாறியபோதும் அதே நாற்காலியில் அதே மெத்தையைத் தட்டிப் போட்டு அமர்ந்தவரே; வாசகர் வட்டமெல்லாம் 'கடைசி வரி சார்' என்று வாஞ்சையோடு அழைக்கும் வள்ளலே, வணக்கம்.

இந்த இடத்தில் 'இன்றோடு ஓய்வு பெறும்' என்று ஓர் அடைமொழி வர வேண்டும். எழுதினோம், அடித்தோம், மறுபடி எழுதினோம். கடைசியில் பட்டியல் பிரிவு அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினோம். "எழுதலாம், தப்பில்ல. இன்னைக்கு ஓய்வு, திங்கட்கிழமை இன்டர்வியூ. ரெண்டும் உண்மைதானே" என்றார். எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் அது எந்த அலமாரிக்குப் போக வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அவரே இப்படிக் கையை விரித்துவிட்டதால், அந்த அடைமொழி இல்லாமலே இம்மடல் தொடங்குகிறது.

வந்திருக்கும் விருந்தினர்களுக்காக ஒரு விளக்கம். ஐயாவின் பணிக்காலம் இன்று மாலையோடு நிறைவடைகிறது. அவருடைய இடத்துக்கு நிர்வாகம் சென்ற மாதம் விளம்பரம் கொடுத்தது. நாற்காலி அதேதான், பெயர் மட்டும் 'கற்றல் மைய ஒருங்கிணைப்பாளர்'. ஒப்பந்த வேலை. ஓய்வு பெற்றவர்களும் விண்ணப்பிக்கலாம் என்றிருந்தது. ஐயா விண்ணப்பித்துவிட்டார். ஆகவே சற்று முன்னால் நாங்கள் கொடுத்த பூங்கொத்து வழியனுப்பவா வரவேற்கவா என்று கேட்காதீர்கள். வாங்கியாகிவிட்டது, கொடுத்துவிட்டோம்.

பணியின் பெருமையைப் பாடாமல் பாராட்டு மடல் ஏது. செய்தித்தாள் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கணினியையும் இரண்டு நாற்காலியையும் போட்டு, வேலை தேடுபவர்களுக்கென்று ஓர் உதவி மேசையை நீங்கள் திறந்தபோது, 'நூலகத்துக்கு இதெல்லாம் எதுக்கு' என்று முணுமுணுத்தவர்களில் நாங்களும் உண்டு. ஓட்டுநர் வந்தார், செவிலியர் வந்தார், கடை மூடிப்போன கணக்கர் வந்தார். சான்றிதழ்க் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி வந்த எல்லோரிடமும் நீங்கள் முதலில் சொன்னது ஒன்றே: "விளம்பரத்தைக் கடைசி வரி வரைக்கும் படிங்க. வம்பெல்லாம் அங்கதான் உட்கார்ந்திருக்கும்." பட்டப்பெயர் அப்படி வந்தது. வேலை கிடைத்தவர்கள் இனிப்புப் பெட்டியோடு வந்தார்கள். கிடைக்காதவர்கள் அடுத்த விண்ணப்பத்தோடு வந்தார்கள். இரு சாராருக்கும் நாற்காலியை இழுத்துப் போட்டது ஒரே கைதான்.

அந்த மேசைக்கு நீங்கள் ஒரு சட்டமும் வைத்தீர்கள். வந்தவர் யாராயிருந்தாலும் சொந்த வேலை மாதிரி ஒழுங்காக விண்ணப்பம் போட்டுக் கொடுக்க வேண்டும். 'இவருக்கா கிடைக்கப்போகிறது' என்பதை முகத்தில்கூடக் காட்டக் கூடாது. நம் கதையை அவர்களிடம் அவிழ்க்கவே கூடாது. நாங்களும் மீறியதில்லை. புத்தகம் கொடுத்து வாங்கும் கவுண்டர் அக்கா மட்டும் ஒருமுறை, தன் தம்பி விண்ணப்பித்திருந்த வேலைக்கே ஒருவர் வந்து நின்றபோது, "சார், நான் கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வர்றேன்" என்று போய்விட்டார். அவர் திரும்பி வரும்வரை அந்த ஆளைக் காத்திருக்க வைத்து, அக்கா கையாலேயே போட வைத்தீர்கள்.

நூலகப் படிப்பு படித்துவிட்டு வேலை தேடி வரும் பிள்ளைகளிடம் மட்டும் உங்கள் குரல் தாழ்ந்து போகும். மற்ற துறைகளில் வாரம் ஒரு விளம்பரம் வரும். நம் துறையில் ஒரு கட்டடத்துக்கு ஒரு நாற்காலி. "யாராவது எழுந்தாத்தான் நீங்க உட்கார முடியும், கண்ணுகளா. பொறுமையா இருங்க" என்பீர்கள். அவர்களில் பாதிப் பேர் வங்கிக்கும் காப்பீட்டு அலுவலகத்துக்கும் போய்விட்டார்கள். ஒருத்தி ஒரு பள்ளியில் நூலகத்தையும் பார்த்துக்கொண்டு, விளையாட்டு ஆசிரியர் வராத நாளில் விசிலும் ஊதுகிறாள். நீங்கள் சொன்னதை நம்பிப் பொறுமையாக இருந்த ஒரே ஆள் துணை நூலகர். வருடத்துக்கு வருடம் நீட்டிப்பு வாங்கிக்கொண்டு, இத்தனை காலமும் உங்கள் அறைக்கு அடுத்த அறையில் இருக்கிறாள். அவள்தான் இப்போது மடலைக் கையில் வைத்துக்கொண்டு வாசிக்கிறாள்.

ஆகையால் இனி சில இடங்களில் 'நான்' என்று வரும். கவுண்டர் அக்கா அதையெல்லாம் 'நாங்கள்' என்று திருத்திக் கொடுத்தார். மறுபடி எழுதும்போது மறுபடி 'நான்' என்றே வந்துவிட்டது. மன்னிக்க வேண்டும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் நீங்கள் உதவி மேசைக்கு வந்தீர்கள், ஐயா. வழக்கமாக உட்காரும் பக்கம் இல்லை, எதிர்ப்பக்கம். "எனக்கும் ஒண்ணு போட்டு விடும்மா. போட்டோ ஏத்தினா போக மாட்டேங்குது" என்றீர்கள். திரையில் பார்த்தேன். கற்றல் மைய ஒருங்கிணைப்பாளர். அதே வேலைக்கு அதே கணினியில் நான் விண்ணப்பம் போட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

உங்கள் சட்டம் என் வாயைக் கட்டிவிட்டது. "உட்காருங்க சார்" என்றேன்.

இரண்டு புகைப்படம் கொண்டு வந்திருந்தீர்கள். ஒன்றில் யாரோ திட்டிக்கொண்டிருப்பது போல் முகம். இன்னொன்று சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் எடுத்தது, சிரித்த முகம். சிரித்த முகத்தையே வெட்டி எடுத்து, அளவைக் குறைத்து ஏற்றினேன். அடுத்து 'கணினி அறிவு' என்று கேட்டது. குறைவு, நடுத்தரம், நன்று. "நன்றுன்னு போடு" என்றீர்கள், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு. உங்களைப் பார்த்தேன். நீங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நடுத்தரம் என்று போட்டிருக்கலாம், யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நன்று என்றே போட்டேன். முடித்ததும், "வெளிய சொல்லிடாத, கிடைக்கலைன்னா அசிங்கம்" என்றீர்கள். சாயங்காலத்துக்குள் நீங்களே எல்லோரிடமும் சொல்லிவிட்டீர்கள்.

அந்த விளம்பரத்தின் கடைசி வரி இது: 'தற்போதைய துணை நூலகர் பணியிடம் இப்பதவியுடன் இணைக்கப்படும்.' அதாவது இரண்டு நாற்காலி ஒன்றாகிறது. உங்களுக்குக் கிடைத்தால் எனக்கு இருக்கும் வேலையும் போகும். அப்புறம் 'இளமையும் துடிப்பும் உள்ளவர்கள் தேவை' என்று வரும் விளம்பரங்களுக்கு, முழங்கால் வலியோடு நான் புகைப்படம் ஏற்ற வேண்டும்.

இதை நீங்கள் படித்தீர்களா என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. ஊருக்கே கடைசி வரியைப் படிக்கச் சொன்னவர் நீங்கள், ஆகவே படித்திருப்பீர்கள். படித்திருந்தால் அதைப் போடச் சொல்லி என்னிடமே வந்திருக்க மாட்டீர்கள், ஆகவே படிக்கவில்லை. படிக்காமல் விண்ணப்பிக்கிற ஆள் நீங்கள் இல்லை. இதற்கு மேல் யோசித்தால் எனக்குத் தலை சுற்றுகிறது.

ஏன் விண்ணப்பித்தீர்கள் என்பதும் யாருக்கும் தெரியவில்லை. கவுண்டர் அக்கா, "வீட்டுல சும்மா உட்கார பயம், வேறென்ன" என்கிறார். பட்டியல் பிரிவு அண்ணன், "பழக்கதோஷம். இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் போட்டுப் போட்டு, விளம்பரத்தைப் பார்த்ததும் கை தானா போயிடுச்சு" என்கிறார். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உங்கள் வீட்டம்மாவையே கேட்டோம். "எனக்கும் தெரியலம்மா. ரெண்டு பேரும் எங்கயாவது போகலாம்னு நான் பெட்டி வாங்கி வெச்சேன். அவரு அதுல சர்டிபிகேட்டை அடுக்கிட்டிருக்காரு" என்றார். அம்மா, இதை வாசிக்கிறேன் என்று உங்களிடம் சொல்லவில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எனக்குக் கோபம் வந்தது, ஐயா. இரண்டு நாள் உங்களோடு தேநீர் குடிக்க வரவில்லை. நீங்கள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. மூன்றாம் நாள், "ஏம்மா டல்லா இருக்க, ஜுரமா?" என்று மாத்திரை வாங்கி வந்து மேசையில் வைத்தீர்கள். ஜுரம் இல்லாமலே அதையும் போட்டுக்கொண்டேன். இப்படிப்பட்ட ஒருவரோடு எப்படிச் சண்டை போடுவது? நேற்று நூலடுக்கு அறையில் எல்லோரும் உட்கார்ந்து இந்த மடலைப் பற்றிப் பேசியபோது, "அவர் மனசு நோகாம எழுது" என்றார் அக்கா. "உன் மனசும் நோகாம எழுது" என்றார் அண்ணன். இரண்டையும் ஒரே மடலில் எழுத எனக்குத் தெரியவில்லை.

வாழ்த்தும் கட்டம் வந்துவிட்டது. 'பணி சிறக்க' என்று வாழ்த்தினால் என் பிழைப்பு போகும். 'ஓய்வு சிறக்க' என்று வாழ்த்தினால் என் சுயநலம் தெரியும். சட்டமிட்டுத் தரும் இம்மடலை நீங்கள் வீட்டுச் சுவரில் மாட்டுவீர்களா, திரும்ப இங்கேயே கொண்டு வந்து மாட்டுவீர்களா என்பதும் தெரியாது. ஆகவே எந்தச் சுவருக்கும் பொருந்துகிற மாதிரி வாழ்த்துகிறோம்: கண் மங்காமல், கால் தளராமல், வாய்விட்டுச் சிரிக்கும் அந்தச் சிரிப்பு குறையாமல், வீட்டம்மாவும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் புடைசூழப் பல்லாண்டு நலமாக இருங்கள்.

திங்கட்கிழமை காலை நேர்காணல் அறைக்கு வெளியே உள்ள பெஞ்சில் நாம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டி வரும். அங்கே என்னைப் பார்த்து, 'நீ எங்கம்மா இங்க' என்று நீங்கள் கேட்டால் எனக்கு அழுகை வந்துவிடும். அதற்குள் உங்களுக்குத் தெரிந்துவிட வேண்டும் என்று தினமும் உங்கள் அறை வாசல் வரைக்கும் வந்தேன். தனியாகச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் இத்தனை பேர் முன்னால் வாசிக்கிறேன்.

எனக்கு இந்த வேலை வேண்டும், ஐயா. தயவுசெய்து வராதீர்கள்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் அன்பு மறவாத நூலகப் பணியாளர்கள் அனைவரும்;
இறுதியில் கேட்டதை மட்டும், துணை நூலகர் தனியாக.