குறிப்புகளில் திலகா என்று இருந்த இடங்கள்

தொழிலாளர் துறை அதிகாரி அவர்களுக்கு வணக்கம். அலோர் காஜாவிலுள்ள எங்கள் அலுவலகத்தில் தேநீர் எப்போதும் சற்று ஆறியே இருக்கும். நான் ஒருமுறைகூட முறையிட்டதில்லை. நான் எத்தகையவன் என்பதைத் தாங்கள் அறியவே இதைக் குறிப்பிடுகிறேன். என் பெயர் கவிநேசன்.

எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை எடைபோடும் நிலையங்களுக்கு நாங்கள் மென்பொருள் எழுதுகிறோம். அதன் வரிகளுக்கிடையே குறிப்புகள் இருக்கும். அவற்றைக் கணினி படிப்பதில்லை; மனிதர்களுக்காக எழுதப்பட்டவை. அவற்றில் ‘ஓஎஸ் எக்ஸ்’ என்று இருந்த இடங்களையெல்லாம் ‘மேக் ஓஎஸ்’ என்று மாற்றுமாறு முதலாளி திரு. பரமேஸ்வரன் பணித்தார். அந்தக் கணினி இயங்குதளத்தின் பெயர் மாறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. நூற்று நாற்பது இடங்களில் மாற்றினேன். ஒருவரும் கவனிக்கவில்லை. பணிவுடன் சொல்கிறேன், அது எனக்கு மகிழ்ச்சியளித்தது.

குறிப்புகளில் மற்றொரு பெயரும் அடிக்கடி வந்தது: ‘எழுதியவர் திலகா.’ பன்னிரண்டு ஆண்டுகளாகப் பெரும்பகுதியை எழுதியவர் திலகா அக்காதான். எங்கள் இருவரில் ஒருவரைத்தான் இனி வைத்துக்கொள்ள இயலும் என்றும், குறிப்புகளில் யார் பெயர் அதிகமோ அவரே இருப்பார் என்றும், வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்றும் முதலாளி அறிவித்திருந்தார். வியாழக்கிழமை மதியம் அந்தப் பெயரையும் என் பெயராகப் புதுப்பித்தேன். பழைய பிரதிகளில் மட்டும் பழைய பெயர் இருப்பது முறையன்று என்பதால் அவற்றையும் திருத்தினேன்.

மறுநாள் முதலாளி வெகுநேரம் திரையைப் பார்த்தார்.

“ஒன் பேரு ஒரு எடத்துலயும் இல்லையே லா, திலகா.”

“அப்ப பன்னெண்டு வருஷமா பேயா வந்து டைப் அடிச்சிச்சி, பாஸ்?”

அவர் ஒரு குறிப்பை உரக்கப் படித்தார்: ‘கவிநேசன் பிரசவ விடுப்பு. ராகினி பிறந்தபின் இப்பகுதி முடிக்கப்படும்.’

“தம்பி, நீ எப்ப புள்ள பெத்த?”

“ரெண்டாயிரத்து பதினெட்டுல, பாஸ்” என்றேன். அவரை மறுத்துப் பேசும் வழக்கம் எனக்கில்லை.

“சொல்லவே இல்ல. சுகப்பிரசவமா?”

“ஆமாங்க, பாஸ்.”

திலகா அக்கா சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார். அன்று மாலை அவர் மேசை காலியாயிற்று. கணவரை இழந்த அவருக்கு அந்தச் சம்பளத்தைத் தவிர வேறு வருமானம் இல்லை என்பதை நான் அறிவேன்.

அவர் தங்களிடம் அளித்த புகார் முழுவதும் உண்மை. நான்தான் செய்தேன். ஆயினும் என் நேர்மையைத் தாங்கள் கருத்தில் கொள்ள வேண்டும். ஊழியர்களின் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் வழங்கும் பள்ளிப்பையை, ராகினிக்கென்று முதலாளி இம்முறை என்னிடம் கொடுத்தார். நான் வைத்துக்கொள்ளவில்லை. பக்கத்திலுள்ள லூபோக் சீனா என்ற ஊரில் இருக்கும் திலகா அக்கா வீட்டுக்கே எடுத்துச் சென்றேன். ராகினிதான் கதவைத் திறந்தாள். நன்கு வளர்ந்திருந்தாள், எனக்குப் பெருமையாக இருந்தது.

“அம்மா, யாரோ அங்கிள் வந்திருக்காரு” என்று உள்ளே திரும்பிச் சொன்னாள்.

அவள் இன்னும் அவரையே அம்மா என்று அழைப்பதை நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய பெயர்கள் நீங்கச் சிறிது காலம் ஆகும்.