பாறையில் கிழிந்த வலை

மந்தைவெளியில் ரயில் ஏறிய இரண்டு மீன்காரப் பெண்கள் என் எதிரில் உட்கார்ந்தார்கள்.

“எங்க ஊட்டுக்காரு ரேடியோல மாட்டிக்கினாருக்கா,” என்றாள் இளையவள். நான் செல்போனை அணைத்தேன்.

“இன்னாடி சொல்ற?”

“பாறையில மாட்டி வலை கிழிஞ்சிச்சுன்னாரு. மூணு நாளு அவரு கூட உக்காந்து தச்சேன். நேத்து நம்ம குப்பத்து ரேடியோல கடலப் பத்திப் பேசறாரு. வலையில ஆமை மாட்டிச்சாம். மூச்சு முட்டி சாவப் பாத்துச்சாம். இவரேதான் வலைய அறுத்து உட்டாராம்.”

“அவராண்ட கேட்டியா?”

“இன்னாத்துக்கு? நான் ரேடியோ கேட்டதே அவருக்குத் தெரியாது.”

“இப்ப எங்க போற?”

“பாரிஸ் கார்னருக்கு, வலை நூலு வாங்க. அடுத்த வாட்டியும் பாறை குறுக்க வருமில்ல?”